வீட்டை அச்சாக்கி உள்ளே இருந்த காற்றை வார்த்தவர்: ரேச்சல் வைட்ரீட்டின் சிற்பமும் வரைபடமும்

வரைபலகை எழுதியது:

வணக்கம். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு. இடவெளியைக் கையாளும் ஒரு சமகாலக் கலைஞரை எடுத்துக்கொண்டு எழுதச் சொல்லி ஸ்டுடியோவில் அசைன்மென்ட். அவர் சிற்பமும் செய்திருக்க வேண்டும், வரைந்தும் இருக்க வேண்டும். நான் ரேச்சல் வைட்ரீட்டை எடுத்திருக்கிறேன். 1963இல் பிறந்த பிரிட்டிஷ் சிற்பி. அலமாரி, படுக்கை, அறை, படிக்கட்டு என்று எதை எடுத்தாலும் அந்தப் பொருளைச் செய்ய மாட்டார். அதற்குள்ளேயோ அடியிலேயோ இருக்கும் காலி இடத்தை பிளாஸ்டரிலோ கான்கிரீட்டிலோ ரெசினிலோ வார்த்து நிறுத்துவார். 1993இல் லண்டனில் ஒரு முழு வீட்டுக்கே இப்படிச் செய்தார். படம் இணைத்திருக்கிறேன்.

சிற்பங்களைப் பற்றி எழுத விஷயம் நிறைய இருக்கிறது. வரைபடங்கள்தான் சிக்கல். "அதெல்லாம் சிற்பத்துக்கு முன்னால் போடுகிற குறிப்பு, அரைப் பக்கம் போதும்" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று எடுத்துச் சொல்லவும் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷட்டரிங்_சேகர் எழுதியது:

தம்பி, நான் சைட் எஞ்சினியர். ஆர்ட் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு முதல்லயே சொல்லிடறேன். அந்த வீட்டுப் படத்தைப் பார்த்தேன். ஷட்டரிங் அடிச்சு, அதாவது பலகையில அச்சு கட்டி, கான்கிரீட் போட்டு, பிரிச்சா என்ன வருமோ அதுதான் நிக்குது. இதைத்தான் இருபது வருஷமா நாங்களும் பண்றோம். எங்களுக்கு யாரும் பரிசு கொடுக்கலை, பில்லே ஒழுங்கா பாஸ் பண்ண மாட்டேங்கறான். இதுல கலை எங்க இருக்கு? கிண்டலா கேக்கலை, நிஜமாவே கேக்கறேன்.

இல்ஃபோர்ட்_இளையவன் எழுதியது:

சேகர் அண்ணை, அந்த மனுசி பிறந்ததே எங்கட லண்டன் இல்ஃபோர்டிலதான். தகப்பன் புவியியல் வாத்தியார், தாய் ஓவியர். இஞ்ச இருக்கிற தமிழ்ச் சனத்தில முக்கால்வாசிப் பேருக்கு உது தெரியாது.

வீடு நிண்டது மைல் எண்ட் பக்கம், குரோவ் ரோட்டில, 193ஆம் இலக்கம். நான் லண்டனுக்கு வரமுந்தியே இடிச்சுப் போட்டினம், படத்திலதான் பாத்தனான். அந்த ரோட்டுக்கு ஒரு கதை இருக்கு. லண்டனில விழுந்த முதலாவது ஜெர்மன் வி-1 பறக்கும் குண்டு 1944 ஜூன் 13 அண்டு அந்த ரோட்டு ரயில் பாலத்தடியிலதான் விழுந்தது. இப்பவும் அங்க ஒரு நினைவுப் பலகை இருக்கு. பிறகு கவுன்சில் பூங்கா போடப்போறம் எண்டு சொல்லி விக்டோரியா காலத்து வீட்டு வரிசையை ஒவ்வொண்டா இடிச்சுக்கொண்டு வந்தவை. கடைசியா மிஞ்சின வீடுகளில ஒண்டைத்தான் ஆர்ட்ஏஞ்சல் எண்ட அமைப்பு மூலமா இவ எடுத்தவ. வேலை முடிஞ்சது 1993 அக்டோபர் 25. புல்வெளி நடுவில தனிச்சு ஒரு சாம்பல் நிறக் கட்டி. பின்னால தூரத்தில அப்ப புதுசாக் கட்டின கேனரி வார்ஃப் அலுவலகக் கோபுரம். ஒரே படத்தில ரெண்டும் தெரியுற மாதிரித்தான் எல்லாரும் போட்டோ எடுத்திருக்கினம். வீடு இல்லாமப் போற சனத்தைப் பற்றி இதைவிட என்னத்தைச் சொல்லுறது?

நிழல்கோடு எழுதியது:

சேகர் சார் கேட்டது நியாயமான கேள்வி. வேலை நடந்த முறையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் வீட்டுக்குள்ளே புதிய அஸ்திவாரம் போட்டார்கள். பிறகு உள்ளே இருந்த தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, சுவர் முழுக்க ஒட்டாமல் பிரிவதற்கான பூச்சு அடித்தார்கள். அதன்மேல் கம்பி கட்டி, உள்பக்கமிருந்தே கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்தார்கள். அது இறுகிய பிறகு வெளியே இருந்த செங்கல் சுவரைப் பிரித்து எடுத்தார்கள். வீடு போய்விட்டது. வீட்டுக்குள் இருந்த இடம் நின்றது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கணப்படுப்பு இருந்த பள்ளம் வெளியே புடைத்து நிற்கும். ஜன்னல் குழிவுகள் வெளியே துருத்தும். கதவுச் சட்டத்தில் மேடாக இருந்த வேலைப்பாடு இங்கே பள்ளம். பக்கச் சுவரில் படிக்கட்டு ஏறிப்போன தடம் கோணல்மாணலாகத் தெரியும். மாடிக்கும் மாடிக்கும் நடுவே தளம் இருந்த இடம் வெறும் கோடு. நீங்கள் அடிக்கும் ஷட்டரிங் பலகைக்குச் சொந்த வரலாறு கிடையாது சார். இங்கே ஒரு குடும்பம் வாழ்ந்த சுவரே பலகை.

ஷட்டரிங்_சேகர் எழுதியது:

இப்பதான் படத்தை ஜூம் பண்ணேன். சொல்றது சரி. அந்தப் புது அஸ்திவாரம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எதுக்குத் தெரியுமா? பழைய சுவர் அதோட எடைக்குத்தான் கட்டினது, பீய்ச்சின கான்கிரீட்டைத் தாங்காது. அதோட, கடைசியில பழைய சுவரே இருக்கப்போறதில்லை. உள்ளே இருக்கறது தன் கால்ல தானா நிக்கணும். யாரோ ஒரு நல்ல ஸ்ட்ரக்சுரல் ஆள் கூடவே இருந்திருக்கான்.

உள்ளே பொள்ளல்தானே? கெட்டியா நிரப்பலையே?

நிழல்கோடு எழுதியது:

பொள்ளல்தான். ஆனால் யாரும் உள்ளே போக முடியாது. கதவு இருக்கும், திறக்காது. ஜன்னல் இருக்கும், பார்க்க முடியாது.

சுவாமிமலை_உலை எழுதியது:

எங்கள் வீட்டில் சிலை வார்ப்புதான் தொழில். மெழுகில் உரு செய்து, மேலே காவிரி வண்டலைப் பூசிக் கம்பி கட்டிச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில்தான் உலோகம் ஊற்றுவோம். அப்புறம் மண்ணை உடைத்துப் போட்டுவிடுவோம். மண்ணுக்கு மதிப்பில்லை, சிலைக்குத்தான். இந்த அம்மாள் செய்ததில் உடைத்துப் போட்ட மண் இருக்கிறதே, அதுதான் வீடு. எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இவர் வார்ப்பை எங்கே கற்றார்?

நிழல்கோடு எழுதியது:

பிரைட்டனில் ஓவியம் படித்தவர். அங்கே சிற்பி ரிச்சர்ட் வில்சன் நடத்திய பட்டறையில், கரண்டியை மணலில் அழுத்தி எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் ஈயம் ஊற்றிப் பார்த்ததுதான் தொடக்கம். பிறகு லண்டன் ஸ்லேட் பள்ளியில் சிற்பம். அந்தக் காலத்தில் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், உடைந்த சவப்பெட்டிகளின் மூடிகளைச் சரிசெய்யும் வேலையும் பார்த்திருக்கிறார். இதைப் படித்த பிறகு அவர் படுக்கைக்கு அடியில் இருக்கும் இடத்தை வார்த்ததை என்னால் வேறு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

1990இல் செய்த 'கோஸ்ட்' முக்கியம். லண்டன் ஆர்ச்வே ரோட்டில் ஒரு சாதாரண விக்டோரியா வீட்டின் வரவேற்பறையை பிளாஸ்டரில் துண்டுதுண்டாக வார்த்துச் சேர்த்தது. கணப்படுப்பின் கரி பிளாஸ்டரில் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஸ்டுடியோவில் நிறுத்திப் பார்த்தபோது உள்வெளி மாறிய லைட் ஸ்விட்ச் கண்ணில் பட்டதாகவும், அப்போதுதான் தானே சுவராகிவிட்டதை உணர்ந்ததாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அறை உங்கள் முன்னால் கெட்டியாக நிற்கிறது என்றால் நீங்கள் நிற்கும் இடம் எது? சுவர் இருந்த இடம்.

எதிர்க்கட்சி எழுதியது:

எல்லாரும் ஒரேயடியா உருகுறீங்க. இந்த ஐடியா அவங்களோடதே இல்லை. அமெரிக்க கலைஞர் ப்ரூஸ் நௌமன் 1960கள்லயே தன் நாற்காலிக்கு அடியில இருக்கற இடத்தை கான்கிரீட்ல வார்த்துட்டார். இவங்க 1995ல நூறு நாற்காலி, ஸ்டூலுக்கு அடியில இருந்ததை வண்ண ரெசின்ல வார்த்து வரிசையா வெச்சாங்க. ஒண்ணை நூறாக்கினா புதுசா?

நிழல்கோடு எழுதியது:

நௌமனிடமிருந்து வந்தது என்பதை அவரும் மறைத்ததில்லை. நௌமனுக்கு அது ஒரு தடவை போட்டுப் பார்த்த கணக்கு, போட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். வைட்ரீட் அதைப் பிடித்துக்கொண்டு வீடு வரை போனார். நௌமனின் கட்டியைப் பார்த்தால் எனக்கு மூளை வேலை செய்கிறது. வைட்ரீட்டின் கட்டியில் கரி ஒட்டியிருக்கிறது. எது பெரிது என்று சண்டை போட நான் வரவில்லை.

எதிர்க்கட்சி எழுதியது:

சரி. ஆனா அந்த வீட்டை ஊர்க்காரனே வேண்டாம்னு சொன்னானே? இடிச்சுட்டாங்களே?

இல்ஃபோர்ட்_இளையவன் எழுதியது:

ஊர்ச்சனம் எல்லாம் ஒண்டாய் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. வீட்டுச் சுவரிலயே ஒருத்தன் 'எதுக்கு?' எண்டு எழுத, இன்னொருத்தன் 'ஏன் கூடாது?' எண்டு எழுதி வச்சவன். கலை விமர்சனம் அவ்வளவுதான், மிச்சமெல்லாம் பேப்பர்க்காரன்ர வேலை.

அது துவக்கத்திலயே தற்காலிகமாத்தான் ஒப்பந்தம். கொஞ்சக் காலம் கூட விடுங்கோ எண்டு ஆக்கள் கேட்டவை. 1993 நவம்பர் 23 இரவு அவவுக்கு டர்னர் பரிசு, பிரிட்டனில சமகாலக் கலைக்குக் குடுக்கிற பெரிய பரிசு. அதை வாங்கின முதல் பெண் அவதான். அதே நாள் அந்தப் பகுதிக் கவுன்சில் கூடி நீடிக்கேலாது எண்டு முடிவெடுத்தது, தலைவர்ர முடிவு வாக்கால. அதே நாள் கே ஃபவுண்டேஷன் எண்ட ரெண்டு பேர், முந்தி கேஎல்எஃப் எண்டு பொப் பாட்டுப் போட்ட ஆக்கள், 'ஆண்டின் மிக மோசமான கலைஞர்' எண்டு 40,000 பவுண் குடுத்தவை. டர்னர் பரிசு 20,000தான். வாங்காட்டி எரிப்பம் எண்டு வெருட்டினவை. இவ வாங்கி, ஒரு பங்கை வீடில்லாத ஆக்களுக்காக வேலை செய்யிற ஷெல்டர் அமைப்புக்கும் மிச்சத்தைக் கஷ்டப்படுற கலைஞர்களுக்கும் குடுத்திட்டா. அந்த ரெண்டு பேரும் அடுத்த வருசம் ஒரு தீவில போய் பத்து லட்சம் பவுணை உண்மையாவே எரிச்சவை, அது வேற கதை.

1994 ஜனவரி 11 இடிச்சாச்சு. மூண்டு மாசம்கூட நிக்கேல்ல.

எதிர்க்கட்சி எழுதியது:

இடிச்சதாலதான் இவ்வளவு பேர். நின்னிருந்தா இந்நேரம் பாசி பிடிச்சு, பின்பக்கம் போய் நிக்கற இடமா ஆயிருக்கும்.

ஷட்டரிங்_சேகர் எழுதியது:

😂 பாசி பிடிக்கறதுல சந்தேகமே இல்லை. ஜன்னல் துருத்தி நிக்கற விளிம்புல தண்ணி வடியறதுக்கு சரிவு கிடையாது பாருங்க. பத்தாவது வருஷம் கம்பி துருப்பிடிச்சு வெடிப்பு விட்டிருக்கும்.

வரைபலகை எழுதியது:

அருமையான தகவல்கள். ஆனால் வரைபடம் எங்கே போயிற்று? 🙂

நிழல்கோடு எழுதியது:

வருகிறேன். இதை நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் விட்டு வைத்தேன்.

அவர் வரையும் தாள் பெரும்பாலும் கிராஃப் தாள். மை, வாட்டர்கலர், வார்னிஷ், இவற்றோடு வைட்னர். ஆமாம், பரீட்சையில் தப்பை அழிக்க நாம் வைத்திருப்போமே, அதே திரவம். 1990களின் தொடக்கத்தில் தரைகளை வரைந்திருக்கிறார், மரப்பட்டை பாவிய தரையின் மீன்முள் வரிசை. ஒவ்வொரு பட்டையையும் வைட்னரால் நிரப்புகிறார். வைட்னருக்குத் தடிமன் உண்டு. காய்ந்ததும் தாளுக்கு மேலே எழுந்து நிற்கும், ஈரத்தில் தாள் லேசாகச் சுருங்கும். கிராஃப் கோடுகள் அளவாக அடியில் ஓட, மேலே வெள்ளை மேடு. பட்டைக்கும் பட்டைக்கும் இடையே விட்ட சந்து பள்ளம். ஒரு மில்லிமீட்டர்கூட உயரம் இல்லை, ஆனால் அதுவும் ஒரு வார்ப்புதான். நான் அச்சு ஓவியம் செய்கிறவள், தாளில் எழும் மேட்டுக்கு என் விரல் பழகியது. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைத் தொட முடியாதது பெரிய கொடுமை.

அடுத்தது, இதுதான் உங்களுக்குத் தேவை. குரோவ் ரோட்டு வீட்டுக்கு முன்னால் அவர் செய்த ஆய்வுகளைத் தேடிப் பாருங்கள். வீட்டு வரிசையின் புகைப்பட நகலை எடுத்துக்கொண்டு, அதில் வீட்டின் மேல் மட்டும் வைட்னர் பூசியிருக்கிறார். தெரு, மரம், வானம் எல்லாம் புகைப்படமாகவே இருக்கும். வீடு இருந்த இடம் வெள்ளைக் கட்டி. அதாவது செங்கல்லைக் கழற்றுவதற்கு முன்பே தாளில் வீட்டைக் கழற்றிவிட்டார். அழிப்பதும் நிரப்புவதும் அந்த ஒரே பூச்சில் நடந்துவிடுகிறது. கட்டடக்கலை வரைபடம் வருவதைக் காட்டும், இது போவதைக் காட்டுகிறது. அசைன்மென்டில் இதை அரைப் பக்கத்தில் முடித்தால் நானே வந்து மார்க் குறைப்பேன்.

2010இல் வரைபடங்களுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஹாமர் அருங்காட்சியகத்தில் தொடங்கி, டல்லாஸ் வழியாக லண்டன் டேட் பிரிட்டனுக்கு வந்தது. வெறும் முன்குறிப்புக்கு யாரும் அப்படி ஊர் ஊராகக் கண்காட்சி வைக்க மாட்டார்கள். அதோடு 1996இல் 'டெமாலிஷ்ட்' என்று 12 அச்சுப் படங்கள். ஹாக்னியில் கவுன்சில் அடுக்குமாடிகளை வெடிவைத்துத் தகர்த்ததை எடுத்த புகைப்படங்களிலிருந்து செய்தவை. வீடு போன இரண்டாவது வருஷம்.

சுவாமிமலை_உலை எழுதியது:

வைட்னர் பூசிய படம் பார்த்தேன். சங்கடம் கொஞ்சம் தீர்ந்தது. தாளிலேயே அச்சை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்.

இல்ஃபோர்ட்_இளையவன் எழுதியது:

வியன்னா நினைவுச் சின்னத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. யூடன்பிளாட்ஸ் சதுக்கம். நாசிகளால கொல்லப்பட்ட 65,000 ஆஸ்திரிய யூதருக்கானது. நாசிக் குற்றவாளியளைத் தேடிப் பிடிச்ச சைமன் வீசந்தால் முன்னெடுத்தது. திறந்தது 2000 அக்டோபர் 25. குரோவ் ரோட்டு வீடு முடிஞ்ச அதே தேதி, ஏழு வருசம் கழிச்சு! நான் நேர நிண்டு பாத்த அவவின்ர பெரிய வேலை உதுதான். கான்கிரீட்டில ஒரு நூலகம். நாலு பக்கமும் புத்தக அடுக்கு. முதுகுப்பக்கம் உள்ளுக்க, தாள் விளிம்பு வெளியில. எந்தப் புத்தகத்துக்கும் பேர் தெரியாது. இரட்டைக் கதவு இருக்கு, கைபிடி இல்லை. அடியில சுத்திவர முகாம்களின்ர பேர். சதுக்கத்துக்குக் கீழ 1421இல அழிக்கப்பட்ட யூதக் கோயிலின்ர அத்திவாரம். அதைத் தோண்டேக்க வந்த பிரச்சினையாலயும் அரசியலாலயும் வேலை வருசக்கணக்கில இழுபட்டது.

எதிர்க்கட்சி எழுதியது:

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. வீட்டுல காலி இடத்தை வார்த்தாங்க. இங்க புத்தகத்தையே வார்த்திருக்காங்களே? புத்தகம் இருந்த பள்ளம் இல்லையே, புத்தகமே புடைப்பா நிக்குதே. தன் விதியைத் தானே மீறிட்டாங்க. நினைவுச் சின்னம்னா கொஞ்சம் அழகா இருக்கட்டும்னு சமரசமா?

ஷட்டரிங்_சேகர் எழுதியது:

இதுக்கு நான் பதில் சொல்லலாமா? நேத்து ராத்திரி அந்தப் படத்தை வெச்சுக்கிட்டு ஒரு செக்‌ஷன் போட்டு, அதாவது குறுக்கா வெட்டின மாதிரி வரைஞ்சு, பார்த்தேன்.

ரூம்ல புத்தக ரேக் எங்க இருக்கும்? சுவரை ஒட்டி. புத்தகத்தோட முதுகு ரூமைப் பார்க்கும், தாள் விளிம்பு சுவரைப் பார்க்கும். இப்ப சுவரை மட்டும் எடுத்துடுங்க. வெளியே நிக்கற ஆளுக்கு என்ன தெரியும்? தாள் விளிம்புதான் தெரியும். நிழல்கோடு மேடம் அந்த அறையைப் பத்திச் சொன்னாங்களே, பார்க்கறவன் நிக்கறது சுவர் இருந்த இடத்துலன்னு, அதேதான் இங்கேயும். விதி மீறலை சார். மேல கூரையைப் பாருங்க, உள் சீலிங்குல இருக்கற பூ வேலைப்பாடு வெளியே பதிஞ்சிருக்கு. கணக்கு சரியா வருது.

ஒரே ஒரு வித்தியாசம், இங்க நிஜமா ஒரு ரூமை வார்க்கலை. இல்லாத ரூமுக்கு வார்ப்பு எடுத்திருக்காங்க. அதை டிராயிங் போடாம யோசிக்கவே முடியாது. தம்பி, இதையும் உன் வரைபடப் பக்கத்துல சேர்த்துக்கோ.

எதிர்க்கட்சி எழுதியது:

ஒத்துக்கறேன், இது நல்ல பாயின்ட்.

ஆனா பின்னாடி வந்தது எல்லாமே இந்த லெவல் இல்லை. 2001ல லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துல காலியா இருந்த நாலாவது பீடத்து மேலயே அந்தப் பீடத்தை ரெசின்ல தலைகீழா வெச்சாங்க. புத்திசாலித்தனம், அவ்வளவுதான். 2005ல டேட் மாடர்ன் அருங்காட்சியகத்து டர்பைன் ஹால்ல 14,000 வெள்ளைப் பெட்டி அடுக்கினது எனக்கு கூரியர் கோடவுன் மாதிரிதான் தெரிஞ்சுது.

நிழல்கோடு எழுதியது:

பெட்டிகள் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அம்மா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்த பழைய அட்டைப்பெட்டியிலிருந்து தொடங்கியது அது. ஒரு பெட்டியாக இருந்தபோது அதில் இருந்த பாரம் 14,000 ஆனபோது போய்விட்டது. டிரஃபால்கர் பீடத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன். நெல்சனும் தளபதிகளும் ராஜாவும் நிற்கும் சதுக்கத்தில், யாரையும் நிறுத்தாமல் பீடத்தையே வெளிச்சம் ஊடுருவும்படி நிறுத்துவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

2020 வாக்கில் அவர் சில வேலைகளில் வார்ப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, இடிந்துபோன கொட்டகைகளை மரமும் தகரமுமாகக் கட்டி முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார். 'போல்டர்கைஸ்ட்' என்று ஒன்று. உள்ளே திறந்து கிடக்கிறது. முப்பது வருஷம் மூடி வைத்தவர் திறந்துவிட்டார். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அந்த வெள்ளை எனக்குப் பழைய வைட்னரைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

வரைபலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தலைப்பை மாற்றிவிட்டேன். வரைபடங்களை முன்னால் வைத்து, சிற்பங்களை அவற்றின் வழியாக எழுதப்போகிறேன். கூடவே நானும் ஒன்று செய்து பார்க்க எண்ணம். எங்கள் தெருவில் மெட்ரோ வேலைக்காக இடிக்கப்போகிற ஒரு பழைய வீட்டின் புகைப்படத்தைப் பெரிய தாளில் நகல் எடுத்து, வைட்னர் பூசி. காப்பி என்பார்களோ?

நிழல்கோடு எழுதியது:

செய்து பார்ப்பது படிப்பு. 'வைட்ரீட்டைப் பின்பற்றி' என்று கீழே எழுதிவிடுங்கள், பிரச்சினை இல்லை. ஜன்னலைப் பூசுவதா விடுவதா என்று முடிவு செய்ய மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்ஃபோர்ட்_இளையவன் எழுதியது:

லண்டன் பக்கம் வந்தா சொல்லுங்கோ. வைட்சாப்பல் கேலரி முகப்பில அவ 2012இல செய்தது இருக்கு. பொன்முலாம் பூசின வெண்கல இலைகளும், ஜன்னல்களை வார்த்த நாலு கட்டியும். ரோட்டில நிண்டே பாக்கலாம், காசு வேண்டாம்.

ஷட்டரிங்_சேகர் எழுதியது:

தம்பி, ஒரு விஷயம். வைட்னர் வாங்கறப்போ பேனா டைப் வாங்காதே, பிரஷ் வெச்ச பாட்டில் வாங்கு. ஒரே கோட்டா தடியா போட்டா வெடிக்கும். மெல்லிசா ஒரு கோட், காயவிட்டு இன்னொரு கோட். தாளைப் பலகையில நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிக்கோ, இல்லைன்னா சுருட்டிக்கும். முடிச்சதும் படம் போடு.